டெப்த் ஆஃப் ஃபீல்டு: திருமணப் படமெடுக்கக் கற்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதிதாகக் கேமரா வாங்கித் திருமண மண்டபங்களில் படமெடுக்க வரும் இளைஞர்கள் என்னிடம் மிகுதியாகக் கேட்பது டெப்த் ஆஃப் ஃபீல்டு பற்றித்தான். அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். தனியாகக் குறிப்பிடாத இடங்களில், தரப்பட்டுள்ள தூரங்கள் எல்லாம் ஃபுல் ஃப்ரேம் (36-க்கு 24 மி.மீ. சென்சார் உள்ள) கேமராவுக்கானவை.

டெப்த் ஆஃப் ஃபீல்டு என்றால் என்ன?

லென்ஸ் ஒரே ஒரு தூரத்தில்தான் சரியாக ஃபோகஸ் செய்யும். அந்தத் தூரத்துக்கு முன்னும் பின்னும் உள்ளவை படிப்படியாகத் தெளிவு குறைந்துகொண்டே போகும். குறைவது கண்ணுக்குத் தெரியாத எல்லை வரை உள்ள பகுதியைத்தான் டெப்த் ஆஃப் ஃபீல்டு, தமிழில் புல ஆழம், என்கிறோம். அதன் ஓரத்தில் சுவர் எதுவும் இல்லை. தெளிவு சட்டென்று முடிவதும் இல்லை. எவ்வளவு மங்கலை நம் கண் பொறுத்துக்கொள்கிறது என்பதைப் பொறுத்தே எல்லை அமைகிறது.

எதெல்லாம் அதைத் தீர்மானிக்கிறது? அப்பர்ச்சர் மட்டும்தானா?

மூன்று விஷயங்கள்: நீங்கள் நிற்கும் தூரம், லென்ஸின் குவியத் தூரம் (50 மி.மீ., 85 மி.மீ. என்று லென்ஸுக்குச் சொல்லும் எண்), அப்பர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவு, எஃப் எண்ணால் குறிப்பது). இந்த வரிசையை வேண்டுமென்றே இப்படி எழுதியிருக்கிறேன். கற்றுக்கொள்பவர்கள் பெரும்பாலும் அப்பர்ச்சரிலேயே தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஆனால் மூன்றில் வலிமை அதிகம் உள்ளது தூரம்.

50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் வைத்துக்கொள்ளுங்கள். மணப்பெண்ணிலிருந்து 1 மீட்டர் தள்ளி நின்றால் புல ஆழம் சுமார் 4 செ.மீ. மட்டுமே. முன்கண் தெளிவாக இருக்கும்போது காதில் உள்ள ஜிமிக்கி மங்கிவிடும். 2 மீட்டரில் அதுவே 17 செ.மீ. ஆகிறது, முகம் முழுவதும் அடங்கிவிடும். 3 மீட்டரில் 38 செ.மீ. தூரம் இரட்டிப்பானால் ஆழம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. அப்பர்ச்சரை மட்டும் மாற்றி நான்கு மடங்கு ஆழம் பெற வேண்டுமானால் எஃப் 1.8-லிருந்து எஃப் 7.1 வரை போக வேண்டும். அதற்கு 16 மடங்கு வெளிச்சத்தை இழக்க வேண்டும். மண்டபத்துக்குள் அது பெரிய விலை. நாலு அடி பின்னால் நடப்பதற்கு எந்த விலையும் இல்லை.

ஆகவே நான் சொல்லிக்கொடுக்கும் வரிசை இதுதான்: யார் யார் தெளிவாக இருக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு எங்கே நிற்பது என்று பாருங்கள். அதன்பின் லென்ஸ். கடைசியில்தான் எஃப் எண்.

எஃப் எண் பெரிதானால் துளை ஏன் சிறிதாகிறது?

குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது எஃப் எண். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 2 என்றால் துளை 25 மி.மீ.; எஃப் 8 என்றால் 6 மி.மீ.யை ஒட்டி. வகுக்கும் எண் பெரிதானால் விடை சிறிதாகிறது, அவ்வளவுதான். துளை சிறிதாகும்போது ஒளிக்கதிர்கள் ஒடுங்கிய கூம்பாக வந்து சேர்கின்றன. ஃபோகஸ் சற்றே விலகினாலும் புள்ளி பெரிய வட்டமாகப் பரவுவதில்லை. அதனால்தான் ஆழம் கூடுகிறது.

குடும்பக் குரூப் போட்டோவில் பின்வரிசை மங்கலாக வருகிறது. ஏன்?

என்னிடம் வரும் புகார்களில் முதலிடம் இதற்குத்தான். இது எனக்கு மனவருத்தம் தரும் புகாரும்கூட. பின்வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வந்த சித்தப்பாக்களும் அத்தைகளும். அந்தக் குடும்பத்தில் எல்லோரும் ஒன்றாக நின்ற கடைசிப் படமாகவும் அது அமைந்துவிடலாம். அதில் ஒரு முகம் மங்குவதைக்கூட நான் ஏற்பதில்லை.

கணக்கைப் பாருங்கள். மேடையில் மூன்று வரிசை நின்றால் முதல் வரிசை முகங்களுக்கும் கடைசி வரிசை முகங்களுக்கும் இடையே ஒன்றரை மீட்டர் இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். 50 மி.மீ. லென்ஸ், எஃப் 1.8, நடுவரிசை 4 மீட்டரில். புல ஆழம் 70 செ.மீ.கூட இல்லை. இரண்டு வரிசையே ததிங்கிணத்தோம் போடும். எஃப் 4-க்குப் போனால் சுமார் 1.6 மீட்டர் கிடைக்கும், ஆனால் விளிம்பில் நிற்கிறோம். எஃப் 5.6-இல் 3.2 மீட்டரிலிருந்து 5.4 மீட்டர் வரை அடங்கும். மூன்று வரிசைக்கும் போதும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும்.

லென்ஸை மாற்றினால் இன்னும் எளிது. 35 மி.மீ. லென்ஸுடன் 5 மீட்டரில் நின்றால் எஃப் 4-லேயே 3.4 மீட்டரிலிருந்து 9.7 மீட்டர் வரை தெளிவு. மாறாக, அழகாக வரும் என்று 85 மி.மீ. எஃப் 1.8-ஐ அதே 5 மீட்டரில் பயன்படுத்தினால் கிடைப்பது 37 செ.மீ. மட்டுமே. 85 மி.மீ. அற்புதமான லென்ஸ்தான், ஆனால் அது தனி முகத்துக்கானது.

மூன்று வரிசை என்றால் யார் மீது ஃபோகஸ் செய்வது?

நடுவரிசை மீது. மணமக்கள் முன்வரிசையில் நாற்காலியில் இருந்தால் மனம் கேட்காது, அவர்கள் முகத்தில்தான் வைக்கத் தோன்றும். அப்படியானால் எஃப் 8-க்குப் போய்விடுங்கள்.

புல ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு ஃபோகஸுக்கு முன்னால், இரண்டு பங்கு பின்னால் என்ற விதி உண்மையா?

ஒரே ஒரு தூரத்தில் மட்டும் உண்மை. கிட்டத்தில் படமெடுக்கும்போது ஆழம் முன்னும் பின்னும் ஏறத்தாழச் சமமாகவே பிரிகிறது. 50 மி.மீ., எஃப் 8, 2 மீட்டர் என்றால் முன்னால் 32 செ.மீ., பின்னால் 46 செ.மீ. தூரம் கூடக்கூடப் பின்பக்கம் வேகமாக வளர்ந்து, ஒரு கட்டத்தில் அடிவானம் வரை போய்விடுகிறது. அந்தக் கட்டத்தை ஹைப்பர்ஃபோகல் தூரம் என்கிறோம். அந்தத் தூரத்தின் மூன்றில் ஒரு பங்கில் ஃபோகஸ் செய்யும்போதுதான் ஒன்றுக்கு இரண்டு என்ற பிரிவு சரியாக வருகிறது. முகத்தைக் கிட்டத்திலிருந்து எடுப்பவர் இந்த விதியை நம்பிக் கண்ணுக்கு முன்னால் மூக்கில் ஃபோகஸ் வைத்தால் கண் போய்விடும்.

ஹைப்பர்ஃபோகல் தூரத்தால் மண்டபத்தில் என்ன பயன்?

பந்தி! ஒரு முனையில் நின்று, வாழை இலைகள் வரிசையாகக் கடைசி வரை போவதை எடுக்க வேண்டும். பக்கத்து இலையில் உள்ள அப்பளமும் தெரிய வேண்டும், கோடியில் சாம்பார் வாளியுடன் குனிந்திருப்பவரும் தெரிய வேண்டும். 24 மி.மீ. லென்ஸ், எஃப் 8 என்றால் ஹைப்பர்ஃபோகல் தூரம் சுமார் 2.4 மீட்டர். அங்கே ஃபோகஸ் செய்துவிட்டால் அதன் பாதியான 1.2 மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவு. கோடியில் இருப்பவர் மீது ஃபோகஸ் செய்தால் பக்கத்து இலையை இழப்பீர்கள். கைமுறை ஃபோகஸில் 2.4 மீட்டரில் நிறுத்திவிட்டு, முகங்களைப் பார்த்துக்கொண்டு கிளிக் செய்துகொண்டே போகலாம். ஊர்வலம், மாப்பிள்ளை அழைப்பு ஆகியவற்றுக்கும் இதே உத்தி பொருந்தும். 35 மி.மீ. லென்ஸில் எஃப் 8-க்கு இந்தத் தூரம் 5.1 மீட்டர். 18 மி.மீ. கிட் லென்ஸை ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார் உள்ள) கேமராவில் வைத்திருப்பவர்களுக்கு 2 மீட்டர்.

தாலி கட்டும் நேரத்தில் எந்த எஃப் எண்?

எஃப் 4 அல்லது 5.6. ஒருபோதும் எஃப் 1.8 வேண்டாம்.

மணமகன் குனிந்து முடிச்சுப் போடுகிறார். பின்னால் நாத்தனார் நிற்கிறார். பெண்ணின் தாய் ஒரு பக்கம் கண்களைத் துடைத்துக்கொள்கிறார். அட்சதை பறக்கிறது. இவ்வளவும் ஒரே நொடியில் நடக்கிறது. திரும்பச் செய்யச் சொல்லவும் முடியாது. 35 மி.மீ. லென்ஸுடன் 2 மீட்டரில் நிற்கிறீர்கள் என்றால் எஃப் 1.8-இல் கிடைப்பது 35 செ.மீ. தாலியைப் பிடித்த கை தெளிவாக இருக்கும், மற்றவர்கள் எல்லாம் வண்ணத் திட்டுகள். எஃப் 4-இல் 80 செ.மீ., எஃப் 5.6-இல் 1 மீட்டரைத் தாண்டிவிடும். அந்த ஒரு மீட்டருக்குள்தான் அந்தக் குடும்பம் நிற்கிறது.

எஃப் 5.6-க்குப் போனால் படம் இருட்டாகிறதே?

எஃப் 1.8-ஐவிட ஏறத்தாழ 10 மடங்கு வெளிச்சம் குறையும். ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 400-இல் எடுத்ததை 4000-இல் எடுக்க வேண்டியிருக்கும். தயங்காமல் எடுங்கள். இன்றைய கேமராக்களில் ஐஎஸ்ஓ 4000 தரும் துகள் இரைச்சலை மென்பொருள் பெருமளவு நீக்கிவிடும், அச்சில் பாதிக்கு மேல் தெரியவே தெரியாது. ஃபோகஸ் தவறிய முகத்தை எந்த மென்பொருளும் அந்த மனிதரின் உண்மையான முகமாக மீட்டுத் தராது. வெளிச்சம் இன்னும் போதாவிட்டால் ஃபிளாஷைக் கூரையிலோ வெள்ளைச் சுவரிலோ பட்டுத் திரும்பும்படி வையுங்கள். கூரை மிக உயரமாக உள்ள மண்டபங்களில் இது பலிக்காது. அங்கே குடையுடன் ஸ்டாண்டில் வைக்கும் ஃபிளாஷ்தான் வழி.

பின்னணி மங்கலாக இருந்தால்தானே தொழில்முறைப் படம்?

இந்த எண்ணம் பரவியிருப்பது எனக்குக் கவலை தருகிறது. மங்கல் ஒரு கருவி. எப்போது வேண்டுமோ அப்போது எடுத்துப் பயன்படுத்த வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலிகளும் ஒயர்களும் நிறைந்த இடத்தில் ஒரு முகத்தை எடுக்கும்போது பின்னணியை மங்கலாக்குங்கள், நல்லது. ஆனால் பின்னணியில் இருப்பது பெண்ணின் பாட்டி என்றால்? பிறந்து வளர்ந்த வீட்டின் திண்ணை என்றால்? 30 ஆண்டுகள் கழித்து அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் தேடப்போவது அதைத்தான்.

ஒளிப்பட வரலாற்றில் இதற்கென்றே ஓர் இயக்கம் இருந்தது. 1932-இல் அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ பகுதியில் ஆன்செல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன், இமோஜன் கன்னிங்ஹாம் முதலியோர் சேர்ந்து ‘எஃப் 64 குழு’ என்று பெயர் சூட்டிக்கொண்டார்கள். அவர்கள் பயன்படுத்திய பெரிய ஃபிலிம் தாள் போடும் கேமராக்களில் மிகச் சிறிய துளைகளில் ஒன்று எஃப் 64. முன்னிருக்கும் கல் முதல் தொலைவிலுள்ள மலை வரை அனைத்தும் தெளிவாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் பிடிவாதம். அக்காலத்தில் ஓவியம் போலப் படத்தை மென்மையாக்குவது நாகரிகமாக இருந்தது. அதற்கு எதிர்ப்பாகவே அந்தப் பெயர். நம் கேமராவில் அவர்களுடைய எஃப் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

சரி, மங்கல் வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். 50 மி.மீ. எஃப் 1.8 வைத்தும் மேடை அலங்காரம் அப்படியே தெரிகிறதே?

பெண்ணை அலங்காரத் திரையிலிருந்து முன்னால் வரச் சொல்லுங்கள். இங்கேயும் தூரம்தான் வேலை செய்கிறது.

இதை விளங்கிக்கொள்ள ஓர் அழகான கணக்கு இருக்கிறது. மிகத் தொலைவில் உள்ள ஒரு விளக்கு, நீங்கள் ஃபோகஸ் செய்த முகத்தின் அளவோடு ஒப்பிட்டால், லென்ஸ் துளையின் விட்டத்துக்குச் சமமான வட்டமாகப் படத்தில் பரவும். 50 மி.மீ. எஃப் 1.8-இல் துளை 28 மி.மீ. 85 மி.மீ. எஃப் 1.8-இல் 47 மி.மீ. 200 மி.மீ. எஃப் 2.8-இல் 71 மி.மீ., அதாவது ஒரு முகத்தின் அகலத்தில் ஏறத்தாழப் பாதி. எஃப் எண் பெரிதாக இருந்தும் 200 மி.மீ. லென்ஸ் பின்னணியைக் கரைத்துவிடுவதன் காரணம் இதுவே.

ஆனால் திரை தொலைவில் இல்லையே. 85 மி.மீ. லென்ஸுடன் பெண்ணிலிருந்து 3 மீட்டரில் நிற்கிறீர்கள், திரை அவருக்கு 1 மீட்டர் பின்னால். அப்போது திரையின் பூ ஒவ்வொன்றும் அந்த 47-இல் கால் பங்கு, 12 மி.மீ. மட்டுமே பரவும். பெண்ணும் நீங்களும் சேர்ந்து முன்னால் நகர்ந்து, திரை அவருக்கு 3 மீட்டர் பின்னால் ஆகிவிட்டால் பாதி, அதாவது சுமார் 24 மி.மீ. லென்ஸையும் மாற்றவில்லை, எஃப் எண்ணையும் தொடவில்லை.

மணமக்கள் இருவரில் ஒருவர் முகம் மட்டும் தெளிவாக வருகிறது.

மாப்பிள்ளை ஓர் அடி பின்னால் நிற்கிறார். 85 மி.மீ. எஃப் 1.8, 3 மீட்டர் என்றால் உங்களிடம் இருப்பது 13 செ.மீ. எஃப் 4-இல் 29 செ.மீ. ஆகும். அதைவிட எளிது, இருவர் கண்களும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும்படி நிற்கச் சொல்வது. தலையைத் தலையோடு லேசாகச் சாய்க்கச் சொன்னாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

குரூப்பை வளைவாக நிறுத்த வேண்டுமா, நேர்கோட்டிலா?

நேர்கோட்டில். ஃபோகஸ் ஆகும் இடம் கேமரா சென்சாருக்கு இணையான ஒரு தளம். வரிசையின் ஓரத்தில் நிற்பவர் உங்களிடமிருந்து சற்று அதிகத் தொலைவில் இருந்தாலும் அதே தளத்தில்தான் இருக்கிறார். ஓரங்களை முன்னால் வளைத்தால் அவர்கள் தளத்தைவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள்.

நடுப்புள்ளியில் ஃபோகஸ் செய்துவிட்டுக் கேமராவைத் திருப்பி எடுக்கலாமா?

தூரத்திலிருந்து எடுத்தால் தாராளமாக. கிட்டத்தில் ஆபத்து. 1 மீட்டரில் கண்ணில் ஃபோகஸ் செய்துவிட்டு 15 பாகை திருப்பினால் தெளிவுத் தளம் கண்ணைவிட்டு 3 செ.மீ.க்கு மேல் பின்னால் போய்விடும். எஃப் 1.8-இல் உங்களிடம் இருப்பது முன்னும் பின்னும் 2 செ.மீ. வீதம்தான். ஃபோகஸ் புள்ளியையே கண் மேல் நகர்த்திவிடுங்கள். மிரர்லெஸ் கேமராவில் கண்ணைக் கண்டறியும் வசதி இருந்தால் அதை இயக்கி வையுங்கள். அதோடு தொடர் ஃபோகஸும் தேவை, கேனன் மிரர்லெஸில் அதற்குச் செர்வோ ஏஎஃப் என்றும், கேனன் டிஎஸ்எல்ஆரில் ஏஐ செர்வோ என்றும் நிக்கான், சோனியில் ஏஎஃப்-சி என்றும் பெயர். நீங்களும் மூச்சுவிடுகிறீர்கள், எதிரில் இருப்பவரும் அசைகிறார். இரண்டு மூன்று செ.மீ. அசைவு சாதாரணம்.

புல ஆழ அட்டவணைப்படி சரியாக எடுத்தும் ஆல்பத்தில் மங்கலாகத் தெரிகிறதே?

இதைப் பலரும் சொல்லித்தருவதில்லை. ஃபுல் ஃப்ரேம் சென்சாரில் 0.03 மி.மீ. வரை பரவிய புள்ளியைத் ‘தெளிவு’ என்று எடுத்துக்கொண்டுதான் அட்டவணைகளும் செயலிகளும் கணக்கிடுகின்றன. 8-க்கு 10 அங்குல அச்சைக் கையில் வைத்துப் பார்ப்பதற்குப் போதுமான வரையறை அது. நம் கரிஷ்மா ஆல்பமோ விரித்தால் 12-க்கு 36 அங்குலம். ஒரே படத்தை அந்த அகலம் முழுவதும் பரப்பினால் பெரிதாக்கம் 25 மடங்கு, 0.03 மி.மீ. புள்ளி முக்கால் மி.மீ. ஆகிவிடும். மடியில் வைத்து விரல் வைத்துப் பார்ப்பவர்கள் கண்ணுக்கு அது தப்பாது.

எனவே இரட்டைப் பக்கத்துக்குப் போகும் என்று தெரிந்த படங்களுக்கு, மேலே நான் சொன்ன எண்களைவிட ஒன்று அல்லது இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும் அளவு) மூடியே எடுங்கள். குரூப்புக்கு எஃப் 5.6 என்று சொன்னதை எஃப் 8 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எஃப் 22 வைத்தால் எல்லாம் தெளிவாகிவிடாதா?

ஆகாது. துளை மிகச் சிறிதானால் ஒளி அதன் விளிம்பில் விலகிப் பரவுகிறது. ஃபோகஸ் சரியாக உள்ள புள்ளியும்கூட எஃப் 8-இல் 0.011 மி.மீ., எஃப் 16-இல் 0.021 மி.மீ., எஃப் 22-இல் 0.03 மி.மீ. அளவுக்குப் பரவும். அதாவது எஃப் 22-இல் படம் முழுவதும் சமமாக மந்தமாகிவிடும். எஃப் 64 குழுவினரின் ஃபிலிம் தாள் பெரியது, அதைச் சிறிதளவே பெரிதாக்கினால் போதும் என்பதால் அவர்களுக்கு அது சிக்கலாகவில்லை. மண்டப வேலையில் எஃப் 11-ஐத் தாண்ட வேண்டிய தேவை வராது.

மோதிரம், மெட்டி, தாலி ஆகியவற்றை மேக்ரோவில் எடுக்கும்போது?

சென்சாரில் பொருளின் உண்மை அளவிலேயே விழும்படி எடுத்தால் எஃப் 8-இல் ஆழம் 1 மி.மீ. மட்டுமே. ஃபோகஸை இம்மி இம்மியாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து மென்பொருளில் ஒன்றாகச் சேர்ப்பது ஒரு வழி. ட்ரைபாட் இல்லாமல் அது நடக்காது. அவசர வேலையில் நகையைப் படுக்கவைத்து, அதன் முகம் சென்சாருக்கு இணையாக வரும்படி மேலிருந்து எடுங்கள்.

ஏபிஎஸ்-சி கேமராவில் மங்கல் குறைவு என்கிறார்களே?

ஒரே லென்ஸில் அதே சட்டகம் வர நீங்கள் பின்னால் போக வேண்டியிருக்கிறது, அதனால் ஆழம் கூடுகிறது. நிக்கான், சோனியில் எஃப் 1.8 என்பது ஆழத்தைப் பொறுத்தவரை ஃபுல் ஃப்ரேமின் எஃப் 2.7 போல நடந்துகொள்ளும். வெளிச்சக் கணக்கு மாறாது. குரூப் எடுப்பவருக்கு இது அனுகூலமே.

செல்பேசியின் போர்ட்ரெய்ட் முறை போதாதா?

செல்பேசி லென்ஸின் உண்மையான குவியத் தூரம் சில மி.மீ. மட்டுமே, சென்சாரும் சிறியது. அதனால் இயல்பாகவே ஆழம் அதிகம். மங்கல் பிறகு மென்பொருளால் கணக்கிட்டுப் போடப்படுவது. தலையில் சூடிய மல்லிகைச் சரத்தின் ஓரத்தையும் பறக்கும் முடியையும் பெரிதாக்கிப் பாருங்கள், எங்கே வெட்டியிருக்கிறது என்று தெரியும். பந்தியையும் குரூப்பையும் எடுக்கச் செல்பேசி மிக நல்ல கருவி.

வ்யூஃபைண்டரில் பார்த்தது ஒன்று, படத்தில் வந்தது வேறு. ஏன்?

டிஎஸ்எல்ஆர் கேமராவில் படம் எடுக்கும் நொடி வரை துளை முழுதாகத் திறந்தே இருக்கும். லென்ஸ் பக்கத்தில் முன்னோட்டப் பொத்தான் இருந்தால், அதை அழுத்தும்போது நீங்கள் வைத்த எஃப் எண்ணுக்கு மூடிக் காட்டும். காட்சி இருண்டாலும் ஆழம் தெரியும்.

வீட்டில் எப்படிப் பழகுவது?

ஐந்தாறு எவர்சில்வர் டம்ளர்களை ஒரு கைப்பிடி இடைவெளி விட்டு, உங்களிடமிருந்து சாய்வாக விலகிப் போகும் வரிசையில் வையுங்கள். நடு டம்ளரில் ஃபோகஸ் செய்யுங்கள். முதலில் எஃப் எண்ணை மாற்றாமல் 1, 2, 3 மீட்டரில் நின்று எடுங்கள். அடுத்து 1 மீட்டரிலேயே நின்று எஃப் 1.8, 4, 8 என்று மாற்றி எடுங்கள். எல்லாவற்றையும் கணினியில் பெரிதாக்கி, எத்தனை டம்ளர்களின் விளிம்பு கூர்மையாக இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். உங்களிடம் உள்ள ஒவ்வொரு லென்ஸுக்கும் இப்படி ஒரு தாள் இருந்தால் அதை மடித்துக் கேமரா பையில் வைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்தத்துக்கு முன் ஒரு முறை எடுத்துப் பார்த்தால் போதும்.